சுமையை யார் சுமப்பது? அர்ஜென்டினாவின் சந்தைச் சீர்திருத்தமும் கிறிஸ்தவப் பார்வையும்

அர்ஜென்டினாவின் 1000 பெசோ நோட்டு 2017-ஆம் ஆண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஒரு நோட்டைக் கொடுத்தால் அப்போது 50 டாலருக்கு மேல் கிடைக்கும். 2023 டிசம்பரில் அதே நோட்டை வெளிச்சந்தையில் நீட்டியவருக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான் கிடைத்தது. இடையில் ஓடியவை ஆறே ஆண்டுகள். நோட்டை யாரும் திருடவில்லை. பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. அதை நம்பிச் சேமித்தவரின் உழைப்பு மட்டும் உள்ளேயிருந்து உருவப்பட்டுவிட்டது.

அந்த டிசம்பர் 10-ஆம் தேதி ஹவியர் மிலேய் அந்நாட்டின் அதிபராகப் பதவியேற்றார். பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். தேர்தல் கூட்டங்களில் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைத் தூக்கிக் காட்டி, அரசின் செலவை இப்படித்தான் அறுப்பேன் என்று வாக்குக் கேட்டவர். பதவியேற்பு உரையில் "பணம் இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே உரையில், போரின் வெற்றி படையின் பெருக்கத்தில் இல்லை, வானத்திலிருந்து வரும் வல்லமையில் இருக்கிறது என்ற மக்கபேயர் ஆகம வசனத்தையும் எடுத்துக்காட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சுவிசேஷ சபையினர் பலர் அவரை வரவேற்றார்கள். குடிசைப் பகுதிகளில் ஊழியம் செய்யும் கத்தோலிக்கக் குருக்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இரு தரப்பினர் கையிலும் இருப்பது அதே வேதாகமம்.

பொருளாதாரம் படிக்காத ஒருவர் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள என்ன தெரிந்திருக்க வேண்டும், வேதத்தை நம்புகிற ஒருவர் இதை எப்படி எடைபோட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தையா, அரசா என்று கேட்பதற்கு முன்னால், சீர்திருத்தத்தின் சுமையை யார் தோளில் ஏற்றுகிறார்கள் என்று கேட்பதே கிறிஸ்தவரின் கடமை.

பணம் எப்படிக் கரைகிறது

ஓர் ஊரில் 100 மூட்டை கோதுமையும் 100 நோட்டுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு ஒரு நோட்டு விலை. ஊர்த் தலைவர் ரகசியமாக இன்னும் 100 நோட்டுகளை அச்சடித்துத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். கோதுமை கூடவில்லை. முதலில் அவர் பழைய விலைக்கு வாங்கிவிடுகிறார். செய்தி பரவியதும் மூட்டை இரண்டு நோட்டாகிறது. அதுவரை ஒரு நோட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த விதவைக்கு இனி அரை மூட்டைதான். அவளிடம் யாரும் வரி கேட்டு வரவில்லை. ஆனாலும் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பணவீக்கத்தின் சாரம் இதுதான். நடப்பில் இது இத்தனை எளிதாக இருப்பதில்லை. நாணய மாற்று விகிதம், வறட்சி, மக்களின் அச்சம் எல்லாமே விலையை ஏற்றும். ஆனால் அர்ஜென்டினாவில் அடிப்படை நோய் இதுவே. அரசு வசூலிப்பதைவிட அதிகமாகச் செலவழித்தது. கடன் வாங்கி வாங்கித் திருப்பித் தர முடியாமல் கைவிரித்ததால், வெளியே கடன் கொடுப்பவர்கள் குறைந்தார்கள். அந்நாடு தன் வரலாற்றில் ஒன்பது முறை வெளிக்கடனைச் செலுத்தத் தவறியிருக்கிறது. 2018-இல் பன்னாட்டு நாணய நிதியம் அதுவரை யாருக்கும் தராத அளவுக்குப் பெரிய கடனை ஒப்புக்கொண்டது, அதுவும் காப்பாற்றவில்லை. மிச்சமிருந்த வழி, மத்திய வங்கி பெசோவை உருவாக்கி அரசின் பள்ளத்தை நிரப்புவது. 2023-ஆம் ஆண்டின் பணவீக்கம் 211.4 விழுக்காடு.

இதில் அடிபடுவது யார் என்பதைக் கவனியுங்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் சேமிப்பை டாலராக மாற்றி வெளிநாட்டு வங்கிகளிலும் வீட்டுப் பெட்டகங்களிலும் வைத்துக்கொள்கிறார்கள். உழைப்பாளர்களில் பத்தில் நான்கு பேருக்குமேல் பதிவுபெறாத வேலையில் இருக்கும் நாடு அது. வீட்டுவேலை செய்பவரும் கட்டடக் கூலியும் பெசோவில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சங்கமும் இல்லை, ஊதிய உயர்வு ஒப்பந்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை வாங்கிய கூலி திங்கட்கிழமைக்குள் சுருங்குகிறது.

கள்ளத்தராசு

வேதத்தில் மத்திய வங்கி இல்லை. ஆனால் தராசும் நிறைகல்லும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்கிறது நீதிமொழிகள் 11:1. எருசலேமின் சீர்கேட்டை ஏசாயா அடுக்கும்போது, கொலையையும் இலஞ்சத்தையும் சொல்கிற அதே இடத்தில், "உன் வெள்ளி களிம்பாயிற்று" என்றும் சொல்கிறார். ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் அளவைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி ஏழையை விலைக்கு வாங்குகிறவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் வெள்ளி என்பது எடைபோட்டுக் கொடுக்கப்பட்ட பணம். அதில் கலப்படம் செய்வதும் எடைக்கல்லைத் திருத்துவதும், இன்று நோட்டை அடித்து மதிப்பைக் குறைப்பதும் ஒரே வகைப் பாவம் என்று நான் நம்புகிறேன்.

இது நவீன வாசிப்பு என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. ஸ்பெயினின் சலமன்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இறையியலாளர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்தார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதைப் பார்த்த மார்ட்டின் தே அஸ்பில்குவேத்தா என்ற குரு, பணம் மிகுந்த இடத்தில் அதன் மதிப்பு குறையும் என்று 1556-இல் எழுதினார். இயேசு சபைக் குருவான ஹுவான் தே மரியானா இன்னும் ஒருபடி மேலே போனார். மக்களின் சம்மதம் இல்லாமல் மன்னர் நாணயத்தில் செம்பைக் கலப்பது, மறைவாக வரி பிடுங்குவதுதான் என்று 1609-இல் வாதிட்டார். அதற்காக அவரைச் சிறைப்படுத்தினார்கள். அப்போது அவர் எழுபதைக் கடந்த முதியவர்.

ஆகவே, பணவீக்கத்தை நிறுத்துவது வெறும் நிர்வாகக் காரியம் என்று ஒரு கிறிஸ்தவர் ஒதுக்கிவிட முடியாது. அது ஏழைக்குச் செய்யும் நீதி. மிலேயின் கொள்கையில் எனக்குப் பல மறுப்புகள் உண்டு. இந்த ஒன்றில் மறுப்பு இல்லை.

அவர் செய்தது என்ன

பதவியேற்ற சில நாட்களில் டாலரின் அதிகாரபூர்வ விலை 366 பெசோவிலிருந்து 800-க்கு உயர்த்தப்பட்டது. 18 அமைச்சகங்கள் 9 ஆயின. அரசின் கட்டுமானப் பணிகள் ஏறக்குறைய நின்றுபோயின. மாகாணங்களுக்குப் போகும் நிதி வெட்டப்பட்டது. மின்சாரம், எரிவாயு, போக்குவரத்து மானியங்கள் குறைந்தன. புவனோஸ் ஐரிஸ் பகுதியில் 76 பெசோவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் 2024 பிப்ரவரியில் 270 ஆனது. விலைக் கட்டுப்பாடுகளும் வீட்டு வாடகைச் சட்டமும் நீக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் பன்னாட்டு நாணய நிதியத்தோடு 2000 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கு இருந்த தடைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன.

தடையற்ற சந்தை என்று சொல்லும்போது பொருளாதார அறிஞர்கள் குறிப்பது இதைத்தான்: விலையை அரசு நிர்ணயிக்காமல் வாங்குபவரும் விற்பவரும் நிர்ணயிப்பது, அரசு தன் வரவுக்குள் செலவு செய்வது, தொழில் தொடங்க அனுமதிச் சீட்டுகள் குறைவது. இதில் உண்மையான நன்மை உண்டு. வாடகைச் சட்டத்தையே பாருங்கள். குடியிருப்பவரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு 2020-இல் அதைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம் கட்டாயம், வாடகை உயர்வுக்குக் கட்டுப்பாடு. விலைவாசி தறிகெட்டு ஓடும் நாட்டில் வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டி வைத்தார்கள், அல்லது சுற்றுலாப் பயணிகளுக்கு டாலரில் விட்டார்கள். இளம் தம்பதிகளுக்கு வாடகைக்கு வீடே கிடைக்கவில்லை. சட்டத்தை நீக்கியபின் தலைநகரில் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. நல்லெண்ணம் மட்டும் வீடு கட்டித் தராது என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாம் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

விளைவுகளையும் பார்த்துவிடுவோம். 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் 25.5 விழுக்காடு ஏறிய விலைவாசி, ஓர் ஆண்டு கழித்து 2024 டிசம்பரில் மாதத்துக்கு 2.7 விழுக்காடாகவும், 2025 நடுவில் 2 விழுக்காட்டுக்குக் கீழேயும் இறங்கியது. 2024-இல் அரசின் வரவு செலவைவிட அதிகமாக இருந்தது. 14 ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

வறுமைக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2023-இன் இரண்டாம் பாதியில் மக்களில் 41.7 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2024-இன் முதல் பாதியில் அது 52.9 ஆக ஏறியது. இரண்டாம் பாதியில் 38.1, 2025-இன் முதல் பாதியில் 31.6 என்று இறங்கியது. வறுமையை அளக்கப் பயன்படும் பொருட்கூடை பழைய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது, மின்கட்டணமும் போக்குவரத்தும் இன்று குடும்பத்தைப் பிழியும் அளவு அதில் தெரிவதில்லை என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இறக்கம் உண்மையானது. மிலேயை எதிர்ப்பவர்கள் 52.9-ஐ மட்டும் சொல்வதும், ஆதரிப்பவர்கள் 31.6-ஐ மட்டும் சொல்வதும் கள்ளத்தராசுதான்.

வரி களவா?

மிலேயின் பொருளாதாரம் ஒன்று, அவருடைய தத்துவம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் குழம்புகிறார்கள். வரி என்பது கொள்ளை, சமூக நீதி என்பது ஒரு பிறழ்வு என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இங்கே கிறிஸ்தவர் அவரோடு நடக்க முடியாது.

வேதம் அரசைக் கண்டு மயங்குவதில்லை. 1 சாமுவேல் எட்டாம் அதிகாரத்தில், எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்ட ஜனங்களிடம் சாமுவேல் எச்சரிக்கிறார்: அவன் உங்கள் குமாரரை எடுப்பான், வயல்களை எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான், நீங்கள் அவனுக்கு வேலையாட்களாவீர்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ராஜாவான ஆகாப் பறித்த கதையில், குடிமகனின் சொத்துக்குத் தேவனே காவலாக நிற்கிறார். சொத்துரிமை சந்தைவாதிகளின் கண்டுபிடிப்பு இல்லை. பத்துக் கட்டளைகளில் களவு செய்யாதிருப்பாயாக என்பது அதைத் தாங்கியே நிற்கிறது.

ஆனால் அதே நியாயப்பிரமாணம் நிலத்தின் சொந்தக்காரனுக்கும் எல்லை வகுக்கிறது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தின கதிர்களைப் பொறுக்காதே, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை என்று லேவியராகமம் 19 கட்டளையிடுகிறது. போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்கினாள் அல்லவா? போவாசின் தாராளம் பெரிதுதான். ஆனால் பொறுக்கும் உரிமையைச் சட்டம் அவளுக்கு முன்பே கொடுத்திருந்தது. அவளும் காலையிலிருந்து மாலைவரை குனிந்து உழைத்துத்தான் அந்தக் கதிரைச் சேர்த்தாள். உரிமையும் உழைப்பும் ஒரே வயலில் நடக்கின்றன. வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியைச் செலுத்துங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதியதையும் எந்தத் தத்துவமும் அழித்துவிட முடியாது.

"ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்ற 2 தெசலோனிக்கேயர் வசனத்தை மானிய வெட்டுக்கு ஆதரவாக எடுப்பவர்கள் உண்டு. அது உழைக்க மறுப்பவனைப் பற்றியது. ஆலை மூடப்பட்டவனையும் 75 வயது மூதாட்டியையும் அதனால் அடிப்பது வசனத்துக்குச் செய்யும் துரோகம்.

திருச்சபையின் சமூகப் போதனையும் இப்படித்தான் இரு பக்கமும் பார்த்திருக்கிறது. போப் பதினோராம் பயஸ் 1931-இல், குடும்பமும் ஊர்ச் சமூகமும் தாங்களே செய்யக்கூடியதை அரசு பறித்துக்கொள்ளக் கூடாது என்று போதித்தார். கம்யூனிச அரசுகள் சரிந்தபின், 1991-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் ஒரு கேள்வியை எழுப்பினார்: வறிய நாடுகள் முதலாளித்துவத்தைப் பின்பற்ற வேண்டுமா? தொழில், சந்தை, தனிச்சொத்து ஆகியவற்றின் நற்பங்கை ஏற்கும் அமைப்பு என்றால் ஆம். மனித விடுதலை முழுமைக்கும் பணி செய்யும் சட்டக்கட்டுக்குள் அடங்காத பொருளாதாரச் சுதந்திரம் என்றால் இல்லை என்பது அவர் பதில். 2013-இல் போப் பிரான்சிஸ், வீடற்ற முதியவர் ஒருவர் தெருவில் குளிரில் இறப்பது செய்தியாகாமல் பங்குச்சந்தை இரண்டு புள்ளி சரிவது செய்தியாகிறதே என்று வேதனைப்பட்டு, இத்தகைய பொருளாதாரம் கொல்கிறது என்று எழுதினார். அவர் பிறந்து வளர்ந்த நகரம் புவனோஸ் ஐரிஸ். அதிபராவதற்கு முன் அவரைக் கடுஞ்சொற்களால் தாக்கிய மிலேய், 2024 பிப்ரவரியில் ரோமுக்குச் சென்று அவரைக் கட்டித் தழுவினார். கருத்து வேறுபாடு மட்டும் அப்படியே இருந்தது.

பிரான்சிஸின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்நாட்டின் அண்மை வரலாற்றையும் சொல்ல வேண்டும். அர்ஜென்டினா சந்தைச் சீர்திருத்தத்தைப் பார்ப்பது இது முதல் முறை இல்லை. 1989-இல் பணவீக்கம் 3000 விழுக்காட்டைத் தாண்டியபின், கார்லோஸ் மெனம் ஆட்சியில் தொலைபேசி, விமானம், எண்ணெய், ரயில் எல்லாம் தனியாருக்குப் போயின. 1991-இல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டமே போட்டார்கள். விலைவாசி அடங்கியது, உலகம் பாராட்டியது. ஆனால் அரசின் கடன் டாலரில் ஏறிக்கொண்டே போனது. 2001 டிசம்பரில் மக்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வேலையின்மை 20 விழுக்காட்டைக் கடந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் வறுமையில் விழுந்தார்கள். அரசியல்வாதிகளை யாரும் நம்பாத அந்த நாட்களில், ஆயர்கள்தான் தொழிற்சங்கத்தையும் முதலாளிகளையும் அரசையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். அன்று புவனோஸ் ஐரிசின் பேராயர் பெர்கோலியோ. பின்னாளில் அவரே போப் பிரான்சிஸ்.

நெகேமியாவின் வழி

நொடித்த நாட்டைச் சீர்திருத்தியவர் கதை வேதத்திலேயே இருக்கிறது. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை பொருளாதாரக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது நகரச் சுவர், கட்டப்படுகிறது. அதே வேளையில் ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்தோம், ராஜாவின் வரியைச் செலுத்தக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளை அடிமையாக விடுகிறோம் என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்தச் சகோதரர்களான பிரபுக்கள்.

அங்கே அதிபதியாக இருந்த நெகேமியா என்ன செய்கிறார்? கட்டும் வேலையை நிறுத்தவில்லை. சீர்திருத்தம் கைவிடப்படவில்லை. ஆனால் பிரபுக்களைச் சபை முன்னால் நிறுத்தி, வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அடுத்து வருவது எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும் பகுதி. முந்தின அதிபதிகள் ஜனங்களிடம் வாங்கித் தின்ற படியைத் தானும் தன் சகோதரரும் 12 ஆண்டுகள் தொடவில்லை என்று பதிவு செய்கிறார். மக்கள்மேல் பாரம் கடினமாயிருந்தது என்பதே அவர் சொல்லும் காரணம்.

ஆக வரிசை இது: வேலை நடக்கட்டும், பாரத்தை முதலில் வலியவன் சுமக்கட்டும், ஆளுகிறவன் தன் பங்கை முந்திச் சுமக்கட்டும். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்றும், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் சில வசன இடைவெளியில் பவுல் எழுதுகிறார். சந்தையை விரும்புவோர் பின்னதையும் அரசை விரும்புவோர் முன்னதையும் மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத பக்தி என்று தோன்றினால், மேற்கு ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லர் காலத்திலேயே ஃப்ரைபர்க் நகரில் சில கிறிஸ்தவப் பொருளாதார அறிஞர்களும் இறையியலாளர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கூடினார்கள். போருக்குப்பின் நாடு எப்படி வாழ வேண்டும் என்ற ஆவணத்தைத் தயாரிக்கச் சொல்லித் தூண்டியவர்களில் ஒருவர் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். அந்த வட்டாரத்துச் சிந்தனை போருக்குப் பிந்திய கொள்கையில் கலந்தது. 1948 ஜூன் மாதம் பழைய பணம் ஒழிக்கப்பட்டுப் புதிய மார்க் வந்தது. பொருளாதார நிர்வாகத்துக்குப் பொறுப்பாயிருந்த லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார். காலியாகக் கிடந்த கடைகளில் சரக்கு நிறைந்தது. பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1952-இல் ஜெர்மனி சுமைப் பகிர்வுச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. போரில் சொத்து தப்பியவர்கள், 1948-இல் தங்களிடம் இருந்த சொத்து மதிப்பில் பாதியை 30 ஆண்டுகள் வரையில் தவணையாகச் செலுத்த வேண்டும். அது வீடிழந்தவர்களுக்கும் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட அகதிகளுக்கும் போனது. சந்தையைத் திறந்த அதே கைகள் சுமையையும் பங்கிட்டன. அதனால் ஜெர்மனியின் வளர்ச்சி நின்றுவிடவில்லை என்பது உலகம் அறிந்த செய்தி.

அர்ஜென்டினாவில் யார் சுமந்தார்கள்

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். பதிவுபெறாத உழைப்பாளர்களின் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் தரப்படும் உதவித்தொகையை மிலேய் அரசு வெட்டவில்லை. 2024 ஜனவரியில் இரட்டிப்பாக்கியது. உதவி இடைத்தரகர்கள் வழியாகப் போகாமல் தாயின் கணக்கில் நேராகச் சேர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றது. ஆர்ப்பாட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று ஏழைகளை மிரட்டிய சில அமைப்புகளின் பிடி இதனால் தளர்ந்தது. மெச்ச வேண்டிய காரியம்.

ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் வெளியான செய்தியை எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது. வறுமை ஐம்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்த நேரத்தில், இலவச உணவுக்கூடங்களுக்கு அரசு பொருள் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. பல உணவுக்கூடங்கள் காகிதத்தில் மட்டுமே இருக்கின்றன, தணிக்கை முடியட்டும் என்பது அரசின் வாதம். அப்போது தெரியவந்தது, புவனோஸ் ஐரிசுக்கு அருகிலுள்ள விஜ்ஜா மார்த்தெல்லியிலும் வடக்கே துக்குமான் மாகாணத்திலும் அரசுக் கிடங்குகளில் ஏறத்தாழ 5000 டன் உணவு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் பால்பவுடரும் இருந்தது. அதில் ஒரு பகுதியின் காலாவதி தேதி சில வாரங்களில் நெருங்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, அந்தப் பால்பவுடரை லாரிகளில் ஏற்ற இராணுவம் வந்தது. "தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள்" என்கிறது நீதிமொழிகள் 11:26. தணிக்கை தேவைதான். ஆனால் பொய்க்கணக்கு எழுதிய அமைப்புகளைத் தண்டிக்கப் போய், பசித்த பிள்ளையைக் காத்திருக்க வைக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் தரப்படவில்லை.

அடுத்து, முதியவர்கள். 2024-இன் தொடக்க மாதங்களில் அரசு மிச்சப்படுத்திய தொகையில் மிகப்பெரிய பங்கு ஓய்வூதியத்திலிருந்து வந்தது. விலைவாசி பாய்ந்தபோது ஓய்வூதியம் பின்தங்கியது, அந்த இடைவெளியே சேமிப்பாகக் கணக்கில் ஏறியது. குறைந்தபட்ச ஓய்வூதியம் பெறுவோருக்கு மாதம் தரப்படும் மேல்தொகை 2024 மார்ச்சில் 70,000 பெசோ. அடுத்த ஆண்டும் அதே 70,000 பெசோ. ரொட்டி, மருந்து, எரிவாயு எல்லாம் ஏறியபோது அந்த ஒரு தொகை மட்டும் அசையாமல் நின்றது. ஓய்வூதியத்தை உயர்த்தி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை 2024-இல் அதிபர் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். புதன்கிழமை தோறும் நாடாளுமன்றத்தின் முன் ஓய்வூதியர்கள் கூடுகிறார்கள்; கண்ணீர்ப்புகையும் மிளகுத் தெளிப்பும் அவர்கள்மேல் பாய்ந்த படங்களை உலகமே பார்த்தது. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ், சமூக நீதிக்குச் செலவிடாமல் மிளகுத் தெளிப்புக்குச் செலவிட்டார்கள் என்று பேசினார்.

இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் பரிசேயரைக் கண்டித்தது இந்த இடத்தில் பொருந்துகிறது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று பெயரிட்டுத் தேவனுக்குப் படைத்ததாகச் சொல்லி, கொடுக்காமல் தப்பித்தார்கள். காரணம் உயர்ந்ததாக இருந்தால் பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை தளர்ந்துவிடாது என்பதே அவர் போதனை. வரவுசெலவுச் சமநிலை உயர்ந்த காரணம்தான்.

"வேறு எங்கே வெட்ட முடியும், பணம் இல்லையே" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 நடுவில் நிறைவேறிய அதே நிதிச் சட்டத்தொகுப்பில் பெருஞ்சொத்துகள் மீதான வரிவிகிதம் குறைக்கப்பட்டது. கணக்கில் காட்டாத டாலரை வெளியே கொண்டுவருவோருக்கு, ஒரு லட்சம் டாலர் வரை தண்டம் ஏதும் இல்லை என்று சலுகை தரப்பட்டது. ஓரளவு நல்ல சம்பளம் வாங்கும் ஊழியர்கள்மீது வருமான வரி திரும்பவும் விதிக்கப்பட்டது. ஒளித்து வைத்த டாலரை வங்கிக்கு இழுப்பதில் பொருளாதார நியாயம் இருக்கிறது. பெருந்தொகை திரும்பியும் வந்தது. ஆனால் டாலர் வைத்திருந்தவருக்குச் சலுகை கொடுக்க முடிந்த ஆண்டில், 70,000 பெசோவை விலைவாசியோடு உயர்த்த முடியவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. ஜெர்மனி 1952-இல் செய்ததற்கு நேர் எதிரான திசை இது.

அப்படியானால் ஒரு கிறிஸ்தவர் மிலேயை ஆதரிப்பதா, எதிர்ப்பதா? அந்நாட்டு விசுவாசி ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். பணம் அச்சடிப்பது நின்றதற்காக ஸ்தோத்திரம் செய்யுங்கள். மறுபடி அச்சடிக்கலாம் என்று ஆசைகாட்டும் எந்தக் கட்சியையும் நம்பாதீர்கள். வாடகைச் சட்டமும் விலைக் கட்டுப்பாடும் திரும்பி வரக் கேட்காதீர்கள். ஓய்வூதியத்துக்காகவும் மருந்துக்காகவும் ஊனமுற்றோர் உதவிக்காகவும் ஓயாமல் கேளுங்கள். கேட்டால் பலன் உண்டு என்பதற்கு 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே சான்று: ஊனமுற்றோர் நிதிச் சட்டத்தை அதிபர் தடுத்தபோது, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்தத் தடையை முறியடித்தன.

சபைகளும் தங்கள் பங்கைச் சுமக்க வேண்டும். அர்ஜென்டினாவின் அரசியல் சாசனம் கத்தோலிக்க வழிபாட்டை அரசு ஆதரிக்கும் என்று சொல்கிறது. அதன்படி ஆயர்களுக்கு அரசு நீண்டகாலமாகப் படி கொடுத்துவந்தது. 2018-இல் ஆயர்கள் அதைப் படிப்படியாக விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கடைசித் தவணையும் நின்றது. மிலேய் பதவியேற்று அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்து வந்த மாதங்களில் பங்குச் சபைகளின் அடுப்புகளில் முன்பைவிட அதிகம் பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது. அதற்கான அரிசியையும் எண்ணெயையும் விசுவாசிகள்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.